ஓவன் என்னும் மில் முதலாளி

ஆலைச் சங்கு ஊதுகிறது. ஒரு ஷிப்டு இறங்குகிறது, மறு ஷிப்டு ஏறுகிறது. எட்டு மணி நேரம் என்ற கணக்கு அந்தச் சங்கொலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டது யார்? மே நாள் என்றதும் நம் தோழர்கள் 1886-ஆம் ஆண்டின் சிகாகோவைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் சிகாகோவுக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே, 1833-இல், மான்செஸ்டர் நகரிலே எட்டு மணி நேர வேலைக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். கண்டவர்களில் முன்னின்ற ஒருவர் பஞ்சாலை நடத்திப் பணம் குவித்தவர். முதலாளியா? ஆம், முதலாளியேதான்! இராபர்ட் ஓவன் என்பது அவர் பெயர்.

முதலாளியின் வரலாற்றைத் தொழிலாளர் ஏட்டில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். பொறுமையோடு படிக்கும்படி வேண்டுகிறோம். இந்த மனிதரிடம் நாம் போற்ற வேண்டியதும் உண்டு, தள்ள வேண்டியதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே முறை.

வேல்ஸ் நாட்டிலே நியூடவுன் என்ற சிற்றூர். 1771-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் அங்கே பிறந்தார் ஓவன். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். இரும்புச் சாமான் கடையும் வைத்திருந்தார். ஊர்த் தபாலையும் கவனித்துக் கொண்டார். ஏழு பிள்ளைகளில் இவர் ஆறாவது. படிப்பில் கெட்டி. ஏழு வயதிலேயே பள்ளி வாத்தியார் இவரைத் துணை வாத்தியாராக்கி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்துவிட்டார். ஒரு நாள் எல்லாருக்கும் முந்திப் பள்ளிக்கு ஓட வேண்டுமென்ற அவசரத்தில், கொதிக்கும் கூழை வாயில் ஊற்றிக்கொண்டு குடல் வெந்து மயங்கி விழுந்தான் சிறுவன். பிழைத்தான். ஆனால் அன்று முதல் ஆயுள் முழுதும் அளந்துதான் சாப்பாடு. என்ன சாப்பிட்டால் உடம்பு என்ன செய்கிறது என்று உற்றுப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். மனிதனுக்கு வெளியிலே இருந்து வருவது உள்ளே என்ன செய்கிறது என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

பத்து வயதிலே நாற்பது ஷில்லிங்கை முடிந்துகொண்டு லண்டனுக்கு வண்டியேறினான் பையன். அங்கிருந்து ஸ்டாம்போர்டு என்ற ஊரில் துணிக்கடை வேலை. கடைக்காரர் நல்லவர், வீட்டிலே புத்தகங்கள் நிறைய வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், கணவர் ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்தவர், மனைவி இங்கிலாந்துச் சபையைச் சேர்ந்தவர். காலையில் ஒரு கோயில், மாலையில் இன்னொரு கோயில் என்று சமாதானம் செய்துகொண்டு, வேலைக்காரப் பையனையும் இரண்டுக்கும் இழுத்துப் போனார்கள். காலைப் பாதிரியார் சொன்னதை மாலைப் பாதிரியார் மறுப்பதைக் கேட்டுக் கேட்டு, யார் சொல்வது சரி என்று புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினான் பையன். புரட்டி முடித்தபோது எந்தச் சபையிலும் அவனுக்கு இடம் இல்லாமல் போயிற்று. இந்த வம்பு பிற்காலத்தில் அவருக்கு எவ்வளவு விலை வைத்தது என்பதைப் பின்னால் சொல்வோம்.

பிறகு லண்டன் பாலத்தின் அருகிலே ஒரு பெரிய துணிக்கடை. அங்கேதான் உழைப்பின் கொடுமை தெரிந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம் தலைக்கு மாவு பூசி, சுருள் செய்து, சீமான் வீட்டுப் பிள்ளை மாதிரிக் கடையில் நிற்க வேண்டும். இரவு கடை அடைத்தாலும் விரித்த துணிகளை மடித்து அடுக்கப் பின்னிரவு இரண்டு மணி ஆகும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறக்கூட வலுவில்லாமல் படுக்கைக்குப் போன நாட்கள் அவை. பன்னிரண்டு மணி, பதினான்கு மணி வேலை என்றால் என்னவென்று அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கத் தேவைப்படவில்லை.

அப்போது மான்செஸ்டரில் பஞ்சு பொன்னாக மாறிக்கொண்டிருந்த காலம். நூற்கும் யந்திரமும் நீராவி யந்திரமும் வந்துவிட்டன. நேற்றுவரை வீட்டு ராட்டினத்திலே நூற்றவன் ஆலை வாசலில் நின்றான். கையில் நூறு பவுன் இருந்தால் போதும், துணிந்தவன் முதலாளி ஆகிவிடலாம். பதினெட்டு வயது ஓவன் தன் அண்ணனிடம் அந்த நூறு பவுனைக் கடன் வாங்கி, யந்திரம் செய்யும் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தார். பிறகு பிரிந்து, மூன்று பேரை வைத்து நூல் நூற்றார். ஒரு நாள் டிரிங்க்வாட்டர் என்ற பெரிய ஆலைக்காரர் மானேஜர் தேடுவது தெரிந்து நேரே போய் நின்றார். இருபது வயதுப் பையன் ஆண்டுக்கு முந்நூறு பவுன் சம்பளம் கேட்டதும் அந்த முதலாளி திகைத்தார். கணக்கைக் காட்டினார் ஓவன். தன் சொந்தத் தொழிலில் அந்த அளவு வருகிறது என்று மெய்ப்பித்தார். ஐந்நூறு தொழிலாளர் வேலை செய்யும் ஆலை அவர் கைக்கு வந்தது.

முதலில் ஆறு வாரம் ஒரு வார்த்தை கட்டளையிடாமல் காலையில் முதல் ஆளாக வந்து, இரவில் கடைசி ஆளாகப் போய், ஒவ்வொரு யந்திரமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். மற்ற முதலாளிகளுக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு இங்கே தொடங்குகிறது. யந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறோமே, துடைக்கிறோமே, யந்திரத்தை ஓட்டும் மனிதனுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டார். உயிரற்ற யந்திரத்தைப் பேணினால் இலாபம் வருகிறதென்றால் உயிருள்ள யந்திரத்தைப் பேணினால் வராதா என்று ஆலை முதலாளிகளையே பின்னாளில் எழுதிக் கேட்டார். தொழிலாளியை உயிருள்ள யந்திரம் என்று ஒப்பிட்டதை நாம் ஏற்கவில்லை. ஆனால் அந்நாள் முதலாளிகளுக்கு யந்திரமே தெரியும், மனிதன் தெரியாது. அவர்களுக்குப் புரிந்த பாஷையிலே பேசினார் என்று கொள்வோம்.

1799-இல் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள நியூ லானார்க் ஆலைகளை ஓவனும் கூட்டாளிகளும் அறுபதினாயிரம் பவுனுக்கு வாங்கினார்கள். இருபது ஆண்டுத் தவணை. விற்றவர் டேவிட் டேல். அதே ஆண்டு டேலின் மகள் கரோலினை ஓவன் மணந்தார். 1800 ஜனவரி முதல் ஆலை அவர் பொறுப்பு.

என்ன இருந்தது அங்கே? ஆற்று வீழ்ச்சியின் வேகத்தில் சுழலும் சக்கரங்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் மக்கள், அவர்களிலே ஐந்நூறு பேர் அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகள். ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைகள்! காலை ஆறு மணி முதல் இரவு ஏழு மணிவரை ஆலை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமாம். தூங்கி விழும் பிள்ளைக்கு எழுத்து ஏறுமா? டேல் இரக்கமற்றவர் அல்லர். அந்நாள் முதலாளிகளில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர். நல்லவர் ஆலையிலேயே இந்த நிலை என்றால் மற்ற ஆலைகளைக் கேட்க வேண்டுமா! பெரியவர்களோ குடியும் களவும் சண்டையுமாக இருந்தார்கள். ஏழை பிறவியிலேயே கெட்டவன், அதனால்தான் ஏழையாக இருக்கிறான் என்று மேடைதோறும் பாதிரிமார் சொன்னார்கள், மாளிகைதோறும் சீமான்கள் தலையாட்டினார்கள்.

ஓவன் அதைப் புரட்டிப் போட்டார். மனிதனின் குணம் அவன் செய்துகொண்டதல்ல. அவன் பிறந்து வளர்ந்த சூழல் அவனுக்குச் செய்து கொடுத்தது என்றார். சூழலை மாற்று, குணம் மாறும். தலையெழுத்து, பிறவிக் குணம், முன்வினை என்றெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கருத்தின் கூர்மை எளிதில் விளங்கும். 1813-லும் 1814-லும் வெளியிட்ட கட்டுரைகளில் இதையே விரித்து எழுதினார். ஐரோப்பாவில் இதை எழுதியவர் வேறு பலரும் உண்டு. இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் அதைச் செய்து காட்டியவர் இவர்.

விடுதியிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவருவதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் கீழே யாருக்கும் ஆலையில் வேலை இல்லை என்றார். வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பத்தரை மணிக்குக் கொண்டுவந்தார். கடைக்காரர்கள் அழுகல் சரக்கைக் கொள்ளை விலைக்குக் கடனுக்கு விற்று உறிஞ்சியதைக் கண்டு, ஆலைக்கென ஒரு பண்டகசாலை திறந்தார். மொத்தமாக வாங்கிய நல்ல சரக்கு, கொள்முதலை ஒட்டிய விலை. மிஞ்சிய ஆதாயம் பள்ளிக்கு. சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கைப் போட்டு நோய்க்கும் முதுமைக்கும் ஒரு நிதி. வீடுகளை விரிவாக்கினார், தெருக்குப்பையை அகற்ற ஏற்பாடு செய்தார்.

ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நாலு பக்கமும் நாலு வண்ணம் பூசிய ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். நேற்றைய வேலை மோசம் என்றால் கருப்பு, சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை முகப்பைத் திருப்பி வைப்பார்கள். அடியில்லை, வசவில்லை, அபராதமில்லை. மேஸ்திரியின் பிரம்பைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் கட்டையைத் திருப்பியவன் யார்? தொழிலாளியா? மேற்பார்வையாளன்! முதலாளி வந்து பார்க்க ஒவ்வொருவன் தலைமாட்டிலும் அவன் நடத்தையைத் தொங்கவிடும் இந்த வித்தை நமக்கு உவப்பாயில்லை.

தொழிலாளரும் முதலில் அவரை நம்பவில்லை. வேற்றூரான், வேறு பேச்சுப் பேசுகிறவன், இன்னும் கசக்கிப் பிழிய வந்தவன் என்றே ஆறாண்டு ஒதுங்கி நின்றார்கள். 1806-இல் அமெரிக்காவோடு தகராறு. அங்கிருந்து பஞ்சு வருவது தடைப்படும் நிலை. பஞ்சு விலை ஏறிற்று. மற்ற முதலாளிகள் ஆலையை மூடி ஆட்களைத் தெருவில் விட்டார்கள். ஓவனும் யந்திரத்தை நிறுத்தினார், ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. நான்கு மாதம் யந்திரத்தைத் துடைத்து வைப்பதற்கு மட்டும் முழுச் சம்பளம். ஏழாயிரம் பவுனுக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் நியூ லானார்க் அவரைத் தன்னவராக ஏற்றது.

இவ்வளவும் செய்தும் இலாபம் குறையவில்லை, ஏறியது! அப்படியும் கூட்டாளிகள் முணுமுணுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குச் செலவழித்த காசும் தங்கள் பைக்கு வந்திருக்கலாமே என்பது அவர்கள் கவலை. இருமுறை கூட்டு உடைந்தது. 1813-இல் ஆலை ஏலத்துக்கு வந்தபோது, பழைய கூட்டாளிகள் மலிவாகத் தட்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்க, ஓவன் புதுக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு இலட்சத்துப் பதினாலாயிரத்து நூறு பவுனுக்கு எடுத்தார். அந்தக் கூட்டாளிகளில் ஜெரமி பெந்தாம் என்ற பேரறிஞர் ஒருவர். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி. அதற்கு மேல் வருவது தொழிலாளர் நலத்துக்கு என்று ஒப்பந்தம்.

1816 புத்தாண்டு நாளில் குணத்தை உருவாக்கும் நிலையம் என்ற பெயரில் பள்ளி திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தை முதல் அங்கே இடம். பிரம்பு கிடையாது, கடிந்த சொல் கிடையாது, பரிசும் கிடையாது. சுவரிலே விலங்குகளின் படம், பெரிய பெரிய தேசப்படம், ஆடல், பாடல். சிறு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளப் பெரிய பண்டிதர்களைத் தேடவில்லை. கைத்தறி நெய்து பிழைத்த பூச்சனன் என்ற எளியவரையும், ஆலையில் வேலை செய்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தியையும் வைத்தார். குழந்தைகளிடம் அன்பாக இருப்பார்கள் என்பதே தகுதி. மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு. உலகம் பார்க்க வந்தது. பத்தாண்டில் ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் வந்து போனார்கள். ரஷ்ய இளவரசர் நிக்கலஸ்கூட வந்தார். பின்னாளில் ஜார் ஆகி மக்களை நசுக்கிய அதே நிக்கலஸ்தான்! பள்ளியைப் பார்த்து மகிழ்ந்தாராம். பார்த்து என்ன பயன்?

பத்திரிகைகளில் புகழ், பிரபுக்களின் விருந்து, விக்டோரியா அரசியின் தந்தையே நண்பர். இந்நிலையில்தான் ஓவன் தன் ஆலையை விட்டு நாட்டுச் சட்டத்தில் கைவைத்தார். 1815 முதல் எல்லாப் பஞ்சாலைகளிலும் பிள்ளைகள் வேலை செய்யும் நேரத்தைச் சட்டத்தால் குறைக்க வேண்டும் என்று கிளம்பினார். ஆலைதோறும் சென்று பார்த்து விவரம் சேர்த்தார். பீல் என்ற பார்லிமெண்டு உறுப்பினர், அவரும் ஆலை முதலாளி, மசோதாவைக் கொண்டுவந்தார். ஏனைய முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஓவனின் ஊருக்கே ஆளனுப்பி அவர்மேல் பழி தேடினார்கள். பக்கத்து ஊர்ப் பாதிரியார் அவர் பேச்சைப் பற்றி அரசாங்கத்திடம் கோள் சொல்லப் போனார். நான்காண்டு இழுத்தடித்து 1819-இல் வந்த சட்டம் எலும்புக்கூடாக வந்தது. ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது, பதினாறு வயதுவரை பன்னிரண்டு மணி நேரம், அதுவும் பஞ்சாலைக்கு மட்டும், கண்காணிக்க உருப்படியான இன்ஸ்பெக்டரும் இல்லை. ஓவன் வெறுத்துப் போனார். ஆனால் பணம் போட்டவன் தன் ஆலைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற சுவரில் முதல் செங்கல் அன்று பெயர்க்கப்பட்டது.

1817 ஆகஸ்டில் லண்டனில் கூட்டங்கள் நடத்தினார். போர் முடிந்து, வேலையின்மை பெருகி, பட்டினி தலைவிரித்தாடிய காலம். வேலையற்றவர்களைக் கொண்டு கூட்டுறவுக் கிராமங்கள் அமைக்கலாம் என்று திட்டம் வைத்தார். தன் பேச்சு அச்சான பத்திரிகைகளில் முப்பதினாயிரம் படி விலைக்கு வாங்கி நாடெங்கும் அனுப்பினார். அதன் சுமையால் அன்று தபால் வண்டிகளே தாமதமாயின என்று சொல்வார்கள். சீமான்கள் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அந்த நேரத்தில், யாரும் கேட்காமலே, உலகில் உள்ள எல்லா மதங்களுமே மனிதனைப் பிரித்துக் கெடுத்தன என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்! கூட்டம் உறைந்தது. அன்றோடு பிரபுக்களின் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. வாயை அடக்கியிருந்தால் புகழோடு இருந்திருக்கலாம். அடக்கவில்லை. இதற்காகவே நாம் அவருக்குத் தலைவணங்குகிறோம். நியூ லானார்க்கிலும் மதப்பற்று மிக்க கூட்டாளிகள் நெருக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் ஆடுவதா, வேதம் ஓதட்டும் என்றார்கள். 1828-இல் அந்த ஆலையோடு உறவை முற்றும் அறுத்துக்கொண்டார்.

அதற்குள் அமெரிக்கக் கனவு ஒன்று முளைத்துக் கருகியிருந்தது. 1825-இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு மதக் குழுவிடமிருந்து ஊரையும் இருபதினாயிரம் ஏக்கர் நிலத்தையும் வாங்கி, நியூ ஹார்மனி என்ற பொதுவுடைமைக் குடியிருப்பைத் தொடங்கினார். ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடினார்கள். அறிஞர்கள் வந்தார்கள், சோம்பேறிகளும் வந்தார்கள். உழவும் தச்சும் தெரிந்தவர்கள்தான் போதவில்லை. விதிமுறைகளை மாற்றி மாற்றி எழுதினார்கள். 1827-க்குள் எல்லாம் கலைந்தது. அவர் செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கு, சுமார் நாற்பதினாயிரம் பவுன், அங்கே போயிற்று. பணம் போனதைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. அந்தச் சமத்துவ ஊரின் முதல் விதிகளிலேயே கறுப்பு மக்களுக்கு உறுப்பினர் இடம் இல்லை என்று எழுதியிருந்தது. நியூ லானார்க்கில் நூற்ற பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகளின் கை பறித்தது. குழந்தையின் விரலைப் பார்த்து உருகிய கண், அந்தப் பஞ்சுமூட்டைக்குப் பின்னால் இருந்த விரலைப் போதிய அளவு பார்க்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் நாம் வரலாறு எழுதியவர்கள் ஆகமாட்டோம்.

இங்கிலாந்து திரும்பிய ஓவனுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. சீமான்கள் கைவிட்ட அவர் கருத்துகளைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கடைகள், படிப்பு வட்டங்கள். சோஷலிசம் என்ற சொல்லே 1820-களில் ஓவனின் வழிவந்தவர்களிடையேதான் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. 1832-இல் லண்டனில் உழைப்புப் பரிமாற்றச் சந்தை திறந்தார். செருப்புத் தைப்பவர் செருப்பைக் கொண்டுவந்து வைப்பார். அதற்குச் சென்ற உழைப்பு இத்தனை மணி என்று மதிப்பிட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுக்குச் சமமான உழைப்புள்ள சட்டையை எடுத்துப் போகலாம். நடுவிலே தரகன் இல்லை. தொடக்கத்தில் கூட்டம் அலைமோதியது. ஆனால் விலைபோகும் பொருளெல்லாம் விரைவில் எடுபட்டுவிட, விலைபோகாத பொருள் குவிந்தது. சாப்பாட்டுப் பொருளோ போதிய அளவு வரவேயில்லை. வெளியே சந்தை முதலாளியின் கையில் இருக்க, உள்ளே ஒரு கூடத்தில் மட்டும் வேறு கணக்கு எத்தனை நாள் செல்லும்? 1834-இல் மூடினார்கள்.

அதே 1834 தொடக்கத்தில் நாட்டின் தொழிற்சங்கங்களை எல்லாம் ஒன்றாக்கும் மாபெரும் சங்கம் அமைந்தது. ஓவன் அதன் முன்னணியில் நின்றார். தையற்காரர், செருப்புத் தைப்பவர், நெசவாளர், பெண் தொழிலாளர் என இலட்சக்கணக்கில் சேர்ந்ததாகப் பேசப்பட்டது. சந்தா செலுத்தியவர் தொகை அதைவிடக் குறைவு. முதலாளிகள் ஆலைக் கதவைப் பூட்டினார்கள். சங்கத்தில் இல்லை என்று கையெழுத்திட்டால்தான் வேலை என்றார்கள். டெர்பியில் 1,500 பேர் கையெழுத்திட மறுத்து மாதக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். மார்ச் மாதம் டால்படில் என்ற கிராமத்து உழவுத் தொழிலாளர் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடு கடத்தல். குற்றம்? வாரக்கூலி ஏழு ஷில்லிங்காகச் சரிந்ததைக் கண்டு சங்கம் வைத்தார்கள், இரகசியமாகச் சத்தியம் செய்தார்கள், அவ்வளவே! ஏப்ரல் 21-ஆம் நாள் லண்டனில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் போனார்கள். அறுபத்திரண்டு வயது ஓவன் அதில் இருந்தார். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்தோடு சென்ற விண்ணப்பத்தை உள்துறை மந்திரி அன்று வாங்க மறுத்தார். ஆனால் கிளர்ச்சி ஓயவில்லை. 1836-இல் அறுவருக்கும் மன்னிப்புக் கிடைத்தது.

பெருஞ்சங்கமோ அந்த ஆகஸ்டுக்குள் சிதைந்துவிட்டது. அரசின் கொடுமை ஒரு காரணம், காசில்லாமை ஒரு காரணம். ஓவனும் ஒரு காரணம் என்று சொல்லத் தயங்க மாட்டோம். முதலாளியையும் தொழிலாளியையும் உட்கார வைத்துப் பேசினால் இருவரும் மனம் மாறுவார்கள் என்று அவர் நம்பினார். வேலைநிறுத்தம் அவருக்குப் பிடிக்காது. சங்கத்தின் பத்திரிகைகளில் முதலாளி வர்க்கத்தைச் சாடி எழுதிய தோழர்களோடு மோதினார். வாக்குரிமைக் கிளர்ச்சியிலும் அவருக்கு நாட்டமில்லை. ஆலையில் இரண்டாயிரம் பேருக்குத் தந்தையாக இருந்தவருக்கு, இலட்சம் பேரில் ஒருவராக உட்காரத் தெரியவில்லை.

ஆனால் அவர் பாடத்தைப் படித்தவர்கள் அவரைவிட நன்றாகச் செய்தார்கள். 1844 டிசம்பர் 21-ஆம் நாள், ராச்டேல் நகரில் ஒரு சந்துக் கடையின் கதவைச் சில தொழிலாளர் திறந்தார்கள். இருபத்தெட்டு பேர், கையில் இருபத்தெட்டு பவுன். சரக்கு என்ன? கொஞ்சம் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி. தெருப் பையன்கள் கேலி செய்தார்களாம். அவர்களில் பலர் ஓவனின் கருத்தில் வளர்ந்தவர்கள். தருமவான் ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கு ஆதாயப் பங்கு. அந்தச் சந்திலிருந்து கிளம்பிய வழிதான் உலகெங்கும் சென்றது; 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டவர்களுக்கும் ராச்டேல்தான் முன்மாதிரி. சட்டத்தின் வழியும் நின்றுவிடவில்லை. 1833-இல் இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். 1847-இல் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணிச் சட்டம் வந்தது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு தன் முதல் உடன்படிக்கையாகவே எட்டு மணி நேரத்தை எழுதியது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொடியேற்றினார். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், சங்கங்களின் எதிர்ப்பால் அந்த மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டதும் தோழர்களுக்கு நினைவிருக்கும்.

ஓவனின் கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்வோம். ஹாம்ப்ஷயரில் இன்னொரு குடியிருப்பு, இன்னொரு தோல்வி. கைப்பொருள் கரைந்து, மைந்தர்கள் அனுப்பிய பணத்தில் வாழ்ந்தார். எண்பது வயதைத் தாண்டியபின், எல்லா மதங்களையும் மறுத்த அந்த மனிதர் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் கூட்டத்தாரை நம்பிவிட்டார். இறந்துபோன பெரியோர்கள் மேசையைத் தட்டித் தன்னோடு பேசுவதாக எழுதினார். நண்பர்கள் தலைகுனிந்தார்கள். எதிரிகள் கொண்டாடினார்கள். இருந்தும் மார்க்சும் எங்கெல்சும், அவர் கண்ட வழியைக் கண்டித்த அதே பேனாவால், அவருக்கு உரிய மரியாதையை எழுதியே வைத்தார்கள். இங்கிலாந்தில் தொழிலாளருக்குக் கிடைத்த உண்மையான முன்னேற்றம் ஒவ்வொன்றிலும் அவர் பெயர் இருக்கிறது என்பது எங்கெல்சின் முடிவு.

1858-இல் எண்பத்தேழு வயதில், லிவர்பூலில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் உட்கார வைத்தார்கள். இரண்டொரு வார்த்தை பேசியதும் குரல் நின்றது. படுக்கையில் கிடந்தவர், பிறந்த ஊருக்குக் கொண்டு போகச் சொன்னார். நியூடவுனில் தான் பிறந்த வீட்டுக்கு அருகே ஒரு விடுதியில் நவம்பர் 17-ஆம் நாள் உயிர் பிரிந்தது. மூத்த மகன் பக்கத்தில் இருந்தார். பழைய கோயிலின் ஓரத்தில், சேணம் தைத்த தகப்பனாரின் குழிக்கு அருகிலே புதைத்தார்கள். நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து, 1902-இல், கூட்டுறவுச் சங்கங்களின் தொழிலாளர்கள் காசு திரட்டி அந்தக் கல்லறையைச் சுற்றி இரும்பு வேலி போட்டார்கள்.